நடமாடும் கிரஷர்: அனுமதி வண்டிக்கா, இடத்துக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நம் திருநெல்வேலி மாவட்டத்தில் கல் உடைக்கும் கிரஷர் என்றால் கான்கிரீட் அடித்தளம் போட்டு, மின் இணைப்பு வாங்கி, ராதாபுரம், பணகுடி பக்கம் ஒரே இடத்தில் நிற்கும் ஆலைதான் எல்லோர் நினைவுக்கும் வரும். செயின் வண்டியிலும் டயர் வண்டியிலும் ஏற்றிய நடமாடும் கிரஷர் அப்படி இல்லை. லோபெட் டிரெய்லரில் வந்து இறங்கும், கன்வேயரை விரிக்கும், அரை நாளில் கல் உடைக்கத் தொடங்கும். வேலை முடிந்தால் மடக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். இந்த இயந்திரங்களை ஓட்டியும் பழுது பார்த்தும் வரும் நாங்கள் இவற்றை வேண்டாம் என்று சொல்லவில்லை. இயந்திரம் நகர்கிறது, தண்ணீரும் காற்றுத் தடுப்பும் சமதளமும் அதோடு தானாக நகர்ந்து வருவதில்லை. ஆகவே அனுமதியும் ஆய்வும் வண்டியின் பேரில் ஒரு தடவை நடந்தால் போதாது, அது நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் நடக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

நன்மையை முதலில் சொல்லிவிடுகிறோம். 7 மீட்டர் அகலச் சாலையில் 250 மில்லிமீட்டர் கனத்துக்கு வெட் மிக்ஸ் (சாலை அடித்தளத்துக்கான ஈர ஜல்லிக் கலவை) போடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டருக்கு 1,750 கன மீட்டர் வரும். ரோலர் ஓட்டிக் கெட்டித்த பின் கன மீட்டருக்கு 2.2 டன் என்று பிடித்தால் 3,850 டன். 16 டன் ஏற்றும் டிப்பரில் ஏறத்தாழ 240 நடை. சாலைக்காக வெட்டிய பாறை நல்ல கல்லாக இருந்து, அதை அங்கேயே உடைத்துப் போட்டால், இந்த 240 நடையும் திரும்பிப் போகும் 240 காலி நடையும் பள்ளிக்கூடத்து வாசல் வழியாகப் போகாது. இந்த ஒரு காரணத்துக்காகவே நடமாடும் கிரஷர் நமக்குத் தேவை.

ஆனால் டீசல் செலவு அதிகம். மணிக்கு 100 முதல் 150 டன் உடைக்கும் செயின் வண்டி மணிக்கு 20 முதல் 30 லிட்டர் வரை குடிக்கும். மின்சாரத்தில் ஓடும் நிலையான ஆலைக்கு டன்னுக்கு ஆகும் செலவு இதைவிடக் குறைவு. லாரி வாடகை மிச்சமாகும் இடத்தில்தான் நடமாடும் கிரஷர் கட்டுப்படியாகும். ஐந்து வருடம் ஒரே பள்ளத்தில் நிற்கப் போகிற வேலைக்கு நடமாடும் கிரஷரைக் கொண்டுவந்தால், ஏன் என்று அதிகாரிகள் கேட்க வேண்டும். நிலையான ஆலைக்குக் கட்ட வேண்டிய சுவரையும் கூரையையும் தவிர்ப்பதற்காக இருக்கலாம்.

இனி இடம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றை நம்பித்தான் முப்பந்தல் தொடங்கி பணகுடி, ராதாபுரம் வரை காற்றாலைகள் நிற்கின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தக் காற்று ஓயாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில், கிரஷர் தூசியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கு மேற்கே கிரஷரை நிறுத்தினால் அந்த நாலு மாதமும் தூசி முழுக்க ஊருக்குள்தான் இறங்கும். ஊருக்குக் கிழக்கே நிறுத்துவது நல்லது. அங்கேயும் காற்று போகும் பக்கம் வாழைத் தோட்டமோ குளமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று வடகிழக்குக்குத் திரும்பிவிடும் என்பதால், ஆடியில் சரியாக இருந்த இடம் கார்த்திகையில் சரியாக இராது. நிலையான ஆலை வருடம் முழுவதற்கும் சேர்த்து ஒரு முறை திட்டமிடும். நடமாடும் கிரஷருக்கோ அது வந்து நிற்கும் மாதத்தின் காற்றைப் பார்த்தே இடம் குறிக்க வேண்டும்.

தூசிக்கு அளவு உண்டு. இயந்திரத்திலிருந்து 3 மீட்டர் முதல் 10 மீட்டர் தூரத்துக்குள் அளந்தால் ஒரு கன மீட்டர் காற்றில் மிதக்கும் தூசி 600 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கிரஷர்களுக்கென்றே 2023-இல் வழிகாட்டு நெறிகளும் வெளியிட்டது. நம் பகுதிக் கருங்கல் பெரும்பாலும் சார்னோகைட்டும் நைஸ் பாறையும்தான். இரண்டிலும் குவார்ட்ஸ் என்ற சிலிக்கா கனிமம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் வெள்ளைத் தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத, 10 மைக்ரானுக்கும் குறைந்த துகள்தான் நுரையீரலுக்குள் இறங்கி சிலிக்கோசிஸ் உண்டாக்குகிறது. அந்த நோயைத் திருப்பிக் குணமாக்க மருந்து கிடையாது. முகத்தில் துண்டு கட்டினால் இந்தத் துகள் நிற்காது. குறைந்தபட்சம் என்-95 முகக்கவசம் வேண்டும், அதையும் தூசி அடைத்ததும் மாற்றிக்கொடுக்க வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு எளிது. கல்லின் எடையில் நூற்றில் ஒரு பங்கு ஈரம் சேர்ந்தால் தூசி பெரும்பாலும் அடங்கும். மணிக்கு 100 டன் உடைத்தால் மணிக்கு 1,000 லிட்டர். எட்டு மணி நேரத்துக்கு 8,000 லிட்டர். லாரி போகும் மண் பாதையை நனைப்பதையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு 12,000 லிட்டர் டேங்கர் ஒன்றாவது வேண்டும். டேங்கர் வரவில்லை என்றால் கிரஷர் ஓடக் கூடாது. ராதாபுரம் போன்ற வறண்ட பகுதியில் இந்தத் தண்ணீரை எந்தக் கிணற்றிலிருந்து எடுக்கிறார்கள் என்பதையும் அனுமதியிலேயே எழுத வைக்க வேண்டும்.

தெளிக்கும் இடங்கள்: ஹாப்பரில் கல் கொட்டும் இடம், கல்லை நசுக்கும் இரும்புத் தாடையின் வாய், தாடைக்குக் கீழே பெல்ட்டில் கல் விழும் இடம், ஒவ்வொரு கன்வேயரின் தலை. நாஸில் என்கிற தெளிப்பு முனை பனிபோலத் தூவ வேண்டும். துளை போட்ட ஹோஸ் பைப்பைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டு ‘தண்ணீர் அடிக்கிறோம்’ என்று கணக்குக் காட்டுவது பல இடங்களில் வழக்கம். பெரிய சொட்டு தூசியைப் பிடிக்காமல் நேரே கீழே விழும். கல் நனையும், தூசி பறக்கும். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம். இரண்டே வாரத்தில் நாஸில் வாயில் வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடும். பம்புக்கு முன்னால் வலை ஃபில்டரும், வாரத்துக்கு ஒரு தடவை கழற்றிக் கழுவ உபரி நாஸில் ஒரு செட்டும் இருக்க வேண்டும். ஈரம் கூடிப் போனாலும் வம்புதான். 5 மில்லிமீட்டர் சல்லடையில் ஈரப் பொடி அப்பிக்கொண்டு கண்கள் மூடும். பொடி ஜல்லியோடு சேர்ந்து வெளியே வரும். தண்ணீர் குழாயை மூடிவிடச் சொல்லி ஆபரேட்டரை நெருக்குவது அப்போதுதான். தண்ணீரை நிறுத்தாமல், அளவைக் குறைத்து சல்லடையைத் துடைப்பதே சரி.

வண்டி நிற்கும் தரையைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. 35 முதல் 50 டன் எடையுள்ள இயந்திரம் கரிசலிலோ புது மண்ணிலோ நேரடியாக நின்றால் ஒரு பக்கம் இறங்கும். 150 முதல் 200 மில்லிமீட்டர் கனத்துக்குச் சரள் போட்டு ரோலர் ஓட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். டயர் வண்டி என்றால் ஜாக்கி கால்களுக்கு அடியில் தடித்த மரக்கட்டையோ இரும்புத் தகடோ வைத்து, டயரில் பாரம் இல்லாதபடி தூக்க வேண்டும். டயரின் மேலேயே ஓடவிட்டால் வண்டி குதிக்கும், சட்டத்தில் வெல்டிங் விடும். பக்கவாட்டில் சாய்ந்து நின்றால் கல் தாடையின் ஒரு ஓரமாகவே விழும், அந்த ஓரத்துத் தகடு மட்டும் தேயும், பெல்ட்டும் ஒரு பக்கமாக ஓடிக் கிழியும். பெல்ட் கிழிந்ததற்குப் பெல்ட் கம்பெனியைத் திட்டுவார்கள். காரணம் தரையில் கிடக்கும்.

நடை மிச்சம் என்று சொல்லி கிரஷரைப் பாறை முகத்தின் அடியிலேயே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். இதை அனுமதிக்கவே கூடாது. அடைமிதிப்பான்குளம் குவாரியில் 2022 மே மாதம் இரவில் பாறை சரிந்து நான்கு உயிர் போனதை இந்த மாவட்டம் மறக்கவில்லை. பள்ளத்துக்குள் ஓடும் கிரஷரின் அதிர்விலும் சத்தத்திலும் மேலே கல் நழுவுவது கீழே இருப்பவர் காதில் விழாது. பாறை முகம் படிப்படியாக வெட்டப்பட்டிருக்கிறதா, மேலே தொங்கு கல்லைத் தட்டி இறக்கினார்களா என்று பார்த்து, சரிந்தாலும் எட்டாத தூரத்தில்தான் வண்டி நிற்க வேண்டும். இரவில் ஓட்டுவதானால் பாறை முகம் முழுதும் தெரியும் வெளிச்சம் இருக்க வேண்டும். கிரஷர் மேல் ஒரு விளக்கு போதாது.

இனி இயந்திரத்துக்குள் வருவோம். இரண்டு தாடைகளுக்கு நடுவே கல்லை நசுக்கும் ஜா கிரஷரின் பின்பக்கம், அசையும் தாடைக்கும் சட்டத்துக்கும் நடுவே டாகில் பிளேட் என்று ஒரு தகடு நிற்கும். தாடையைத் தாங்குவது அதன் ஒரு வேலை. உடைய வேண்டிய நேரத்தில் முதலில் உடைவது இன்னொரு வேலை. ஹிட்டாச்சி பக்கெட்டின் பல் ஒன்று கழன்று கல்லோடு விழுந்தால் தாடையால் அதை நொறுக்க முடியாது. அப்போது இந்தத் தகடு முறிந்து ஷாஃப்டையும் பேரிங்கையும் காப்பாற்றும். வீட்டு மீட்டர் பெட்டியின் ஃபியூஸ் போன்றது. முறிந்த தகட்டை வெல்டிங் வைத்து மாட்டுவதும், பட்டறையில் கிடைக்கும் தடித்த இரும்பை வெட்டி மாட்டுவதும் ஃபியூஸ் இடத்தில் ஆணியைச் செருகுவதற்குச் சமம். அடுத்த முறை இரும்பு விழும்போது முறிவது ஷாஃப்ட். வண்டி ஒரு மாதம் நிற்கும். வண்டியோடு உபரி டாகில் பிளேட் ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். பக்கெட் பற்களை ஷிஃப்ட் தொடங்கும்போதும் முடியும்போதும் எண்ண வேண்டும். எண்ணுவதற்கு அரை நிமிடம் கூட ஆகாது.

ஓட்டும் வரிசையும் முக்கியம். கடைசிக் கன்வேயரை முதலில் ஓட்டி, பிறகு சல்லடை, பிறகு கிரஷர், எல்லாம் ஓடிய பின் கல்லை உள்ளே தள்ளும் ஃபீடர். நிறுத்தும்போது ஃபீடரை முதலில் நிறுத்தி, உள்ளே இருக்கும் கல் முழுதும் இறங்கிய பிறகே கிரஷரை நிறுத்த வேண்டும். வாய் நிறையக் கல்லோடு நின்றுவிட்டால் திரும்ப எடுக்காது. முயன்றால் வி-பெல்ட் புகையும். அப்படிச் சிக்கிய கல்லை எடுக்கக் கடப்பாரையோடு ஆளை உள்ளே இறக்குவதுதான் இந்தத் தொழிலிலேயே கொடிய பழக்கம். அழுத்தத்தில் நிற்கும் கல் நெகிழ்ந்ததும் தெறிக்கும். எஞ்சினை அணைத்தாலும் ஃப்ளைவீல் என்ற பெரிய சக்கரத்தின் கனமான பக்கம் மேலே நின்றுவிட்டால் தாடை ஒரு முறை அசையும், அதுவே போதும். சாவியை எடுத்து ஒருவர் பையில் வைத்துக்கொண்டு, ஃப்ளைவீலுக்கு முட்டுக் கொடுத்து, ஹிட்டாச்சியில் பிரேக்கர் மாட்டி வெளியே இருந்தே கல்லை உடைக்க வேண்டும். பெரிய கல் சிக்குவதற்கே காரணம், வாயகலத்தில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் பெரிய போல்டரைப் போடுவதுதான். அதைக் கீழேயே உடைத்துவிட்டு ஏற்றினால் இந்த வேலையே இல்லை.

கன்வேயரின் வால் உருளையில் கை, துண்டு, சேலைத் தலைப்பு சிக்கும் விபத்துகள் இன்னும் நடக்கின்றன. காப்பு வலையைக் கழற்றி வைத்துவிட்டுச் சிந்திய பொடியை மண்வெட்டியால் அள்ளுகிறார்கள். கன்வேயர் ஓரமாக ஓடும் சிவப்புக் கயிற்றை இழுத்தால் எல்லாம் நிற்க வேண்டும். தினமும் காலையில் ஒரு முறை இழுத்துப் பார்த்தால்தான் அது வேலை செய்கிறதா என்று தெரியும். இங்கே வேலை பார்ப்பவர்களில் வடமாநிலத்தவர் நிறையப் பேர். எச்சரிக்கைப் பலகை இந்தியிலும் ஒடியாவிலும் இருக்க வேண்டும்.

தாடைத் தகடுகள் 14 முதல் 18 விழுக்காடு மாங்கனீஸ் கலந்த எஃகு. அடி வாங்க வாங்க மேல்பரப்பு இறுகும். கீழ்ப்பகுதிதான் முதலில் தேயும். பல் பாதி மறைந்ததும் தகட்டைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இன்னொரு ஆயுள் கிடைக்கும். முழுதும் மொழுக்கென்று ஆன பிறகு திருப்பிப் பயனில்லை. புதுத் தகடு மாட்டினால் சில மணி நேரம் ஓடியதும் ஆப்புப் போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். தளர்ந்த தகடு பின்னால் உள்ள தாடை முகத்தையே அரைத்துவிடும். தகடு தேயத் தேய கீழ் இடைவெளி விரியும், கல் பெரிதாகும். கூம்புக்கும் கிண்ணத்துக்கும் நடுவே கல்லை நசுக்கும் கோன் கிரஷரில் ஓர் ஈய உருண்டையைக் கம்பியில் கட்டி, கல் இல்லாமல் ஓடும்போது இறக்கி எடுத்து, நசுங்கிய கனத்தை வெர்னியரில் அளந்தால் இடைவெளி தெரிந்துவிடும். வாரத்துக்கு ஒரு முறை இதைச் செய்பவரின் ஜல்லியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

வீடு கட்டுவோர் தெரிந்துகொள்ள வேண்டியது இது. ஜா கிரஷர் ஒன்று மட்டும் உள்ள வண்டியில் வரும் கல் தட்டையாகவும் நீளமாகவும் இருக்கும். சாலை அடித்தளத்துக்கும் நிரப்புக்கும் அது ஆகும். கான்கிரீட்டுக்கு முக்கால் ஜல்லி வேண்டுமானால் அடுத்த கட்டமாக கோன் கிரஷரும் சல்லடையும் வேண்டும். கோன் எப்போதும் வாய் நிறைந்து ஓட வேண்டும். அரை வாய்க் கல்லோடு ஓடினால் அங்கேயும் தட்டைக் கல்தான் வரும். சராசரி அளவில் 0.6 பங்குக்கும் குறைந்த கனம் இருந்தால் தட்டை, 1.8 மடங்குக்கு மேல் நீளம் இருந்தால் நீளக்கல். இரண்டும் சேர்ந்து 40 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது இந்திய தர நிர்ணயம் 383-இன் 2016 பதிப்பு. சாலையின் வெட் மிக்ஸுக்கு 35. ஒரு சட்டி ஜல்லியைத் தரையில் பரப்பிப் பார்த்தாலே நாணயம் போன்ற கல் எத்தனை என்று தெரிந்துவிடும். தட்டைக் கல் கம்பிகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு சிமெண்டுப் பாலை உள்ளே விடாது. கொத்தனார் தண்ணீரைக் கூட்டுவார், கான்கிரீட் பலம் குறையும்.

கல்லை உடைத்துச் செய்யும் மணலான எம்-சாண்டிலும் இதே மோசம் உண்டு. தாமிரபரணி மணலுக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்த பிறகு இங்கே எல்லோரும் எம்-சாண்டைத்தான் நம்புகிறோம். கல்லைச் சுழற்றி வீசி உடைக்கும் வி.எஸ்.ஐ. இயந்திரத்தில் அடித்து உருட்டி, கழுவி எடுத்தால்தான் அது எம்-சாண்ட். நடமாடும் ஜா கிரஷரின் அடியில் விழும் பொடி வெறும் குவாரி டஸ்ட். 150 மைக்ரானுக்குக் குறைந்த பொடி 20 விழுக்காடு வரை இருக்கலாம் என்று அதே தர நிர்ணயம் அனுமதிக்கிறது. குவாரி டஸ்டில் அது இன்னும் கூடுதலாகவே இருக்கும். கண்ணாடிக் குடுவையில் மணலும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தால், மேலே படியும் சாம்பல் நிறப் பாலாடையின் கனமே சொல்லிவிடும். பொதுப்பணித் துறையின் தரச் சான்று பெற்ற ஆலைதானா என்று கேட்டு வாங்குங்கள்.

பிசானச் சாகுபடி தொடங்கும் மழைக்காலத்தில் மண் ஒட்டிய கல் வரும். அதை நேரே தாடைக்குள் விட்டால் களியாக இறுகி, கல்லைவிடக் கடினமாக அடைத்து, எஞ்சினை இழுக்கும். ஃபீடரில் உள்ள கம்பி இடைவெளி வழியாக மண்ணை முதலிலேயே பிரித்துப் பக்கவாட்டு பெல்ட்டில் வெளியேற்ற வேண்டும். அந்தப் பெல்ட்டை ‘தேவையில்லை’ என்று கழற்றி வைத்திருக்கும் வண்டிகளே அதிகம்.

இடிபாட்டுக்கும் இந்த இயந்திரம் நல்ல வழி. நெல்லையிலும் பாளையிலும் இடிக்கும் பழைய கட்டடங்களின் கான்கிரீட் ஆற்றங்கரையிலும் குளத்தங்கரையிலும் போய் விழுகிறது. கட்டட இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-லேயே வந்துவிட்டன. சுழலும் இரும்புப் பார்களால் அடித்து உடைக்கும் இம்பேக்ட் வகை நடமாடும் கிரஷர், பெல்ட்டுக்கு மேல் காந்தம் வைத்துக் கம்பியைப் பிரித்து, இதை நல்ல ஜல்லியாக்கும். எம்-15 என்ற வலிமைத் தரத்துக்குக் குறைந்த அடிக் கான்கிரீட்டுக்கு முழுவதும், கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 25 விழுக்காடு, எம்-25 வரையிலான கம்பிக் கான்கிரீட்டுக்கு 20 விழுக்காடு வரை இதைச் சேர்க்கத் தர நிர்ணயமே இடம் கொடுக்கிறது. அதே இம்பேக்ட் வண்டியைக் கருங்கல்லுக்குப் போட்டால் அடிக்கும் பார்கள் விரைவில் கரைந்துபோகும் என்பதையும் சொல்லிவைக்கிறோம். மாநகராட்சி ஓர் இடம் ஒதுக்கி, குவிந்த பின் சில நாளைக்கு வண்டியை வாடகைக்கு வரவழைத்தாலே போதும்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் கனிமவளத் துறையும் ஒவ்வொரு இடத்துக்கும் தனியாக இசைவு தர வேண்டும். வண்டி இறங்கியதும், முதல் கல் உடைக்கும் முன் ஒருவர் நேரில் வந்து தண்ணீர் டேங்கர், நாஸில், பெல்ட் மூடி, காற்று வரும் பக்கம் தகரத் தடுப்பு, தரை, பாறை முகம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மேலே மின்கம்பி போகிறதா என்றும் பார்க்கட்டும். மடங்கிய கன்வேயரை விரிக்கும்போது அது எழும் உயரம், வந்து இறங்கிய வண்டியைப் பார்த்தால் தெரியாது. 11 கிலோவோல்ட் கம்பிக்கு அடியில் விரித்தால் தொட வேண்டிய அவசியம்கூட இல்லை, நெருங்கினாலே போதும். உடைத்த கல்லுக்கு நடைச்சீட்டு இல்லாமல் லாரி வெளியேறக் கூடாது. இசைவு எண், இடத்தின் சர்வே எண், எந்தத் தேதி வரை, புகார் சொல்ல வேண்டிய தொலைபேசி எண் இவை எழுதிய பலகை சாலையைப் பார்த்து நிற்க வேண்டும். அதன் நகல் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்பட வேண்டும். வண்டி அடுத்த ஊருக்குப் போகும்போது பலகையும் புதிதாக எழுதப்பட வேண்டும்.

இப்படிக்கு,
கிரஷர் இயக்குவோர், பராமரிப்போர் சிலர்,
வள்ளியூர் வட்டாரம்,
திருநெல்வேலி மாவட்டம்.